எதிர்ப்பு இல்லை

நல்லவர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கழிப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. இரண்டு வருஷம் அனுபவித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஏஜென்சி ஒன்றின் ராயபுரம் அலுவலகத்தில் பில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஏழாவது நாள் எண்ணூர் கழிமுகத்தில் இயற்கையைக் காப்பாற்றும் வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. தொப்பி உண்டு.

பச்சைத் தொப்பி. முன்பக்கம் எங்கள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சின்னம், பின்பக்கம் தொப்பிக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயர். அதைப் போட்டுக்கொண்டு பதினைந்து இருபது பேர் வேனில் வருவார்கள். எல்லாரும் கூவத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்கள். வேன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வந்து நின்றதுமே ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிடுவார்கள். நான் தேரடியில் ஏறிக்கொள்வேன். கதவைத் திறந்து என்னை உள்ளே விடும் அந்த அரை நிமிஷத்துக்குள் நாலு கைக்குட்டைகள் நாலு மூக்குகளுக்குப் போகும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் மூக்கைப் பொத்துவார்கள். நான் அந்தக் காற்றைப் பிறந்ததிலிருந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்த இலாகா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. "நான் சர்வீஸில் இருந்தப்போ" என்று ஆரம்பிப்பார், அந்த வாக்கியம் எங்கே முடிந்தாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். இரண்டு வருஷத்தில் அதில் சேறு ஒட்டி நான் பார்த்ததில்லை. கழுத்தில் பைனாகுலர் தொங்கும். தொலைவில் ஒரு பறவை உட்கார்ந்தால் அதன் பெயர், அது கிளம்பி வந்த தேசம், அது திரும்பும் மாதம் எல்லாம் சொல்வார். அந்தப் பறவைக்குப் பத்தடி தள்ளி இடுப்பளவு தண்ணீரில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குப்பை விஷயத்தில் அவர்கள் கறார். வேலை முடிந்ததும் வெள்ளித்தாளில் சுற்றிய சாண்ட்விச் தின்பார்கள். தின்ற தாள், தண்ணீர் பாட்டில், வாய் துடைத்த காகிதம் எல்லாவற்றையும் ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் பையில் கட்டி வேனில் ஏற்றித் தங்கள் வீட்டுக்கே எடுத்துப்போவார்கள். மறுநாள் அங்கேயிருந்து கார்ப்பரேஷன் லாரி அதை ஏற்றிக்கொண்டு கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு வரும். அதாவது எங்கள் பக்கத்துக்கே. இதை நான் ஒரு தடவை சொன்னபோது எல்லாரும் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள்.

இத்தனை இளப்பம் இருந்தும் ஏன் போனேன் என்று கேட்கலாம். என் அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுச் சேற்றில் போய் நிற்கும் கிறிஸ்தவச்சியை நம் கோயில் தெருவிலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்பாள். நான் அவளிடம் மரங்களைப் பற்றிப் பேசுவேன். அதில் பாதி உண்மை. வேலை விஷயமாக அத்திப்பட்டுக்கு ரயிலில் போகும்போது ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகும். கீழே கறுத்த சேற்றின் ஓரமாக அலையாத்திச் செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கும். இவ்வளவு சாம்பலுக்கும் புகைக்கும் நடுவே இதுகளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

மறுபாதியைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். தமிழ் பேசினாலும் என் அலுவலகத்து மேனேஜர்போலப் பேசினார்கள். அவர்களோடு நின்றால் நானும் அப்படி ஆகிவிடலாம் என்று நம்பினேன். வீட்டில் 'இன்னா' என்று சொல்லும் வாய், தேரடியில் வேன் ஏறியதும் தானாகவே 'என்ன' என்று திருந்திக்கொள்ளும். சங்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இருந்தார். அவர் ஒரு நாள் என்னிடம், "நீ நார்த் மெட்ராஸ்னு சொன்னாத்தான் தெரியும்" என்று பாராட்டினார். அன்றைக்கு முழுவதும் எனக்குப் பறப்பதுபோல இருந்தது. இதைவிடக் கேவலமான சந்தோஷம் எனக்கு அதற்குப் பின் வாய்க்கவில்லை.

சங்கத்தில் என் வேலை மொழிபெயர்ப்பு. தமிழிலிருந்து தமிழுக்கு. தலைவர் சொல்வதை உள்ளூர் ஆட்களுக்கும் உள்ளூர் ஆட்கள் சொல்வதைத் தலைவருக்கும் நான் சொல்ல வேண்டும். அவர் பேசுவது ஆட்களுக்கு நன்றாகவே புரியும். அவர்கள் பேசுவதுதான் அவருக்குப் புரியாது, ஆனால் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. காத்திவாக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கையால் எறா, அதாவது இறால், பிடிப்பது அவள் தொழில். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஆற்றுக்குள் இறங்கி முழங்காலில் உட்கார்ந்து, கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரியும்படி நகர்ந்துகொண்டே போவாள். இடது கை அடியில் சேற்றைக் கலைத்து விரட்டும், வலது கை தடவிப் பிடிக்கும். விரலில் எறா தட்டுப்பட்ட நொடியில் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் போய்விடும். பிடித்ததைப் போடுவதற்கு ஓலையால் பின்னிய பறி என்ற சின்னக் கூடை. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அந்தப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தொங்கவிட்டிருப்பாள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் அப்படியே. அந்த நேரத்தில் அவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேச முடியாது. வாயைத் திறந்தால் அன்றைய பிடிப்பு ஆற்றோடு போகும்.

கரையேறிய பிறகு மூன்று மணி நேரத்துக்கான பேச்சையும் சேர்த்துப் பேசுவாள். எங்கள் தொப்பிகளைப் பார்த்து, செடிக்கெல்லாம் தொப்பி இல்லையா என்று கேட்டாள். சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு, இதில் உப்பையாவது போட்டிருக்கலாம் என்றாள். ஆற்றைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். முன்பெல்லாம் எங்கே இறங்கினாலும் எறா கிடைக்குமாம். இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து அடி இறுகிப்போய்விட்டது, இறுகிய இடத்தில் எறா தங்காது. சாலையோரம் ஒரு பள்ளம் மட்டும்தான் இன்னும் மெத்தென்ற சேறாகக் கிடக்கிறது, அவர்கள் ஊரிலிருந்து கை எறாவுக்கு வரும் பத்துப் பதினைந்து பெண்களுக்கும் அதுதான் கதி. அதுவும் போனால் கம்பெனி கேட்டில் போய்க் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான் என்று சொன்னாள். இதை அவள் என்னிடம் சொன்னாள். கேட்டது நான். மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தலைவர் செடி நடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் அந்தப் பள்ளம்தான்.

ஏன் அது என்று அவர் விளக்கினார். சேறு நன்றாக இருக்கிறது, சாலை பக்கத்தில் இருக்கிறது, வேன் வந்து நிற்கலாம், படம் எடுத்தால் பின்னால் பாலம் விழும். அலையாத்தி வளர்வது தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில். அந்தப் பள்ளமோ கடல் ஓதம் முழுக்க இறங்கும் இரண்டு மூன்று மணி நேரம் தவிர எப்போதும் தண்ணீருக்குள்தான் கிடக்கும். ஆனால் சங்கம் வருவது ஞாயிறு காலை, அந்தந்த ஞாயிறுகளில் ஓதம் இறங்கியிருந்தது. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். பறவை எந்த மாதம் எந்த தேசத்துக்குத் திரும்பும் என்று தெரிந்த மனுஷனுக்கு ஆற்றுத் தண்ணீர் மத்தியானம் திரும்பும் என்பது தெரியவில்லை.

பணம் கொடுக்கும் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. அதில் உள்ளூர் மக்களின் சம்மதம் என்று ஒரு கட்டம். நடும் நாளுக்கு முந்தின ஞாயிறு, கிளம்பும் நேரத்தில்தான் தலைவருக்கு அது ஞாபகம் வந்தது. தண்ணீரில் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவங்களைக் கேட்டுடும்மா, ஒரு ஃபார்மாலிட்டி என்றார். அவர்கள் வாயில் பறி இருந்தது. தலைவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. எனக்குப் பட்டது.

நான் கரையில் நின்றுகொண்டு குரலை உயர்த்திக் கேட்டேன். "அக்கா, இந்த எடத்துல செடி நடப்போறாங்க. உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

ஆட்சேபணை. எங்கள் தெருவில் யாரும் வாயில் வைத்துப் பார்க்காத சொல். தலைவர் காதில் விழவேண்டும் என்பதற்காக அதைப் போட்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இரு, வருகிறேன் என்று காட்டினாள். கையில் சேறு வழிந்தது. பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். தண்ணீர் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அதுவரை அவளால் கரைக்கு வர முடியாது. வந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். நாங்கள்தான் காத்திருந்திருக்க வேண்டும்.

வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். யாருக்கோ மத்தியானம் கல்யாண வரவேற்பு இருந்தது. தலைவர், ஒண்ணும் சொல்லலையே, எழுதிக்கோ என்றார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் சங்கத்தின் எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்புவேன். வேனில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதினேன். 'அப்பகுதி மீனவப் பெண்களிடம் நேரில் கேட்கப்பட்டது. எதிர்ப்பு இல்லை.' யார் கேட்டது என்று எழுதவில்லை. அப்படி எழுதுவதுதான் முறை என்று தலைவர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

நடும் நாளன்று ஷாமியானா போட்டார்கள். கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார். அவர் ஷூ நனையாமல் இருக்கச் சேற்றின்மேல் பலகை போட்டார்கள். அதில் நடந்துபோய், கொடுத்த கன்றை வாங்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்தே குழியில் இறக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். பையோடு நட்டால் பிழைக்காது என்று பேராசிரியைக்கு நிச்சயம் தெரியும், அவர் தாவரவியல். அவரும் தட்டினார். நானும் தட்டினேன். அதிகாரி போன பிறகு பையைக் கிழித்து மறுபடி நடுவார்கள் என்று நினைத்தேன். படம் எடுத்த செடி என்று அதற்குத் தனியாகப் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

மற்றக் கன்றுகள் வரிசை வரிசையாக, கயிறு பிடித்து நடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாகப் பிளந்த மூங்கில் குச்சி ஒன்று. குச்சி சாயக் கூடாது என்று ஆழமாக அடித்து, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டார்கள். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமாம். மத்தியானம் தண்ணீர் ஏறி அத்தனையும் மறைந்தது. அதைப் பார்க்க எங்களில் யாரும் இல்லை.

கை எறா பிடிக்கும் பெண்ணுக்கு ஆற்றுக்குள் கண் கிடையாது. கலங்கின தண்ணீர், விரல்தான் பார்க்கும். மறுநாள் அவர்கள் வேறு இடம் இல்லாததால் அதே பள்ளத்தில்தான் இறங்கியிருக்கிறார்கள். குச்சிகளுக்கு நடுவே சந்து சந்தாக. அக்காவின் வலது உள்ளங்கையில் நறுக்கிய மூங்கில் முனை ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு அந்தக் கையோடு இன்னும் பத்து நாள் அந்தத் தண்ணீரிலேயே இறங்கியிருக்கிறாள். வேறென்ன செய்வாள். அவள் புருஷன் படகில் போய்த் திரும்பாமல் பல வருஷம் ஆகியிருந்தது, அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

எனக்கு இது இரண்டு ஞாயிறு கழித்துத் தெரிந்தது. எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதற்காகப் போயிருந்தோம். அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. நான் ஓடிப்போய் என்ன ஆச்சு அக்கா என்று கேட்டேன். அவள் குச்சி வரிசையைத் தாடையால் காட்டினாள். எனக்கு வந்தது மகா மட்டமான பேச்சு. அன்றைக்குக் கேட்டோமே அக்கா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், தொப்பியையும் சேர்த்து.

"என் வாய்ல பறி இருந்துச்சு. உன் வாய்ல இன்னா இருந்துச்சு?"

மறுநாள் லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூங்கிலை எடுத்தார்கள். நாள் கடத்திவிட்டதால் உள்ளே சீழ் வைத்து நரம்பைத் தின்றிருந்தது. வீக்கம் வடியும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள். அந்தக் குச்சிகளை எடுக்கச் சொல்லு, மற்றவர்கள் கையாவது பிழைக்கட்டும் என்றாள்.

தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். வருத்தப்படுவது அவருக்கு நன்றாக வரும், அதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆனால் ஆறு மாதம் கன்றுகள் நின்றாக வேண்டும், அப்போதுதான் கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப முடியும் என்றார். இந்தப் பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிக்கக் கூடாதா என்றார். தள்ளிப் போனால் சாம்பல் என்றேன். சாம்பல் நம் எல்லைக்குள் வராத பிரச்சினை என்றார். மாற்று ஏற்பாடாக எச்சரிக்கைப் பலகை ஒன்று வைக்கலாம் என்று அவரே யோசனை சொல்லி, அடுத்த வாரம் வைத்தும்விட்டார். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். 'கன்றுகளுக்குச் சேதம் விளைவிக்காதீர்.' கைகளுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்று கன்றுகளுக்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் மறுபடி லீவு போட்டேன். தொப்பியில்லாமல் காத்திவாக்கத்துக்குப் போனேன். அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே பள்ளத்தின் ஓரத்தில் இருந்தார்கள். பிடுங்கினால் போலீஸ் வரும் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இரண்டு வருஷத்தில் முழங்காலுக்குமேல் எனக்குச் சேறு பட்டது அன்றைக்குத்தான். அது மெத்தென்று இருந்தது, அவள் சொன்ன மாதிரியே. முதல் குச்சியைப் பிடுங்கிக் கரையில் எறிந்தேன். அது வரைக்கும்தான் எனக்கு வேலை. அதன்பிறகு அவர்கள் பிடுங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கன்றுகள் எல்லாம் ஏற்கெனவே செத்திருந்தன. தண்ணீருக்குள்ளேயே கிடந்து இலை அழுகி, தண்டு கறுத்து, பிடித்தால் கையோடு வந்தன. போன ஞாயிறு தலைவர் கரையில் நின்று பைனாகுலரால் பார்த்து, தொண்ணூறு சதவீதம் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தார். அவர் எண்ணியது குச்சிகளை. நானும் அப்படியே எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வேனிலேயே கூட்டம் நடந்தது. சமூக விரோதிகள் செய்த வேலை என்றார் தலைவர். இந்த மக்களுக்காக எவ்வளவு செய்தோம், ஒரு நன்றிகூட இல்லை என்றார் பேராசிரியை. நன்றி என்ற வார்த்தை அந்த வேனுக்குள் கால் மணி நேரம் சுற்றி வந்தது. போலீஸில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் எனக்குத்தான் தெரியும், அதனால் பட்டியலை நான் எழுத வேண்டும். தலைவர் காகிதத்தையும் தன் பேனாவையும் நீட்டினார்.

"நான்தான் சார் புடுங்குனேன்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. பேராசிரியை என் தோளில் கை வைத்து, உன் ஜனங்களைக் காப்பாற்ற நினைக்கிறாய், அது பெரிய மனசு என்றார். தலைவர்கூடத் தலையாட்டினார். உன் ஜனங்கள் என்றால் யார் என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. இரண்டு வருஷம் நான் நார்த் மெட்ராஸ் என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"இன்னா பெரிய மனசு? புதங்கெயம காலைல ஆத்துல எறங்கி என் கையாலதான் புடுங்குனேன். பேரு எய்தணும்னா மொதல்ல என் பேர எய்திக்கோ."

வேனில் நான் அந்தப் பேச்சைப் பேசியது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். தலைவரை நீ என்று சொன்னதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். பேனா அவர் சட்டைப் பைக்குத் திரும்பிப் போனது. பத்து நிமிஷம் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசினார்கள். சங்கத்து உறுப்பினரே பிடுங்கினாள் என்று வெளியே தெரிந்தால் கம்பெனி என்ன நினைக்கும் என்பதுதான் பேச்சின் சாரம். புகார் வேண்டாம், இயற்கைச் சீற்றத்தால் சேதம் என்று அறிக்கையில் போட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்கள். என்னை எண்ணூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. நான் ஆற்றிய அரிய சேவைக்காக. அம்மா அதை மடித்துப் பீரோவின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தாள். பீரோ நின்றது.

வேனிலிருந்து இறங்கிய அன்றைக்கே அக்காவைப் பார்க்கக் காத்திவாக்கத்துக்கு நடந்தேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. போலீஸ் வராது, உங்கள் பள்ளம் உங்களுக்குத் திரும்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

தண்ணீர் இறங்கியிருந்தது. மற்றப் பெண்கள் பள்ளத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கரையோரத்து ஆழமில்லாத இடத்தில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பறி அவள் மடியில் கிடந்தது. வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள், அதில் இரண்டு விரல்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. இடது கையால் மட்டும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்திச் சேதியைச் சொன்னேன். புகார் இல்லை, நான் சண்டை போட்டேன், நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். நான், நான் என்று எத்தனை தடவை சொன்னேனோ.

அவள் கேட்டுக்கொண்டே தடவினாள். இடது கையை வெளியே எடுத்துத் திறந்து பார்த்தாள். வெறும் சேறு.

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல பாப்பா. எறா மேல வந்து இடிச்சாலும் இது சும்மா கீது. முப்பது வர்சம் அந்தக் கைதான கத்துகினு கெடந்துச்சு."

மறுபடி கையைத் தண்ணீருக்குள் விட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தேன். அவள் நிமிர்ந்து, நல்ல வேலை செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே மெதுவாகத்தான் தெரிந்தது. தெரிந்ததும் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.